அறிவியல் மாணவர்களுக்கு முதல் கணினிப் புத்தகம்: பயிற்சிக் கணக்குகளைப் பார்த்து எடுங்கள்

கேள்வி கேட்டவர் திருமங்கலம் பக்கம் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் இயற்பியல் நடத்தும் பேராசிரியை. முதலாண்டு இயற்பியல், வேதியியல் மாணவர்களுக்குச் சேர்த்து ஒரு அறிமுகக் கணினித் தாள். மொத்தம் 50 பேர். பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள், +2-வில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுத்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். ஆய்வகத்தில் இருப்பது பழைய கம்ப்யூட்டர்கள். தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடநூலைத் துறையே முடிவு செய்யலாம். புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுக்க சி மொழியா, பைத்தான் மொழியா, எந்தப் புத்தகம் என்று கேட்கிறார்.

மேடம், மதுரையில் இதே மாதிரி ஒரு தாளை அறிவியல் துறைகளுக்குப் பல வருடம் நடத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். மொழி பைத்தான். மாணவர் கையில் ஆலன் டௌனியின் 'திங்க் பைத்தான்' இருக்கட்டும். பக்கத்தில் நம் பாடநூல் கழகத்தின் தமிழ்வழி +2 கணினி அறிவியல் புத்தகம். உங்கள் மேசையில் ஜான் கட்டாக் எழுதிய 'இன்ட்ரொடக்ஷன் டு கம்ப்யூட்டேஷன் அண்ட் புரோகிராமிங் யூசிங் பைத்தான்'. இந்த மூன்றுக்கும் எப்படி வந்தேன் என்பதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். நாளைக்கு வேறு புத்தகம் வந்தாலும் அதை எடை போட அது உதவும்.

இந்தத் தாளை முதன்முதலாக நடத்திய வருடம், எல்லோரும் வாங்குகிறார்களே என்று ஒரு தடிமனான சி புத்தகத்தைப் பரிந்துரைத்தேன். எழுநூறு பக்கத்துக்கு மேல். செமஸ்டர் முடிவில் மாணவர்களின் பிரதிகளை வாங்கிப் பார்த்தேன். மூடி வைத்துப் பக்கவாட்டில் பார்த்தாலே தெரிந்தது. முதல் நாற்பது ஐம்பது பக்கங்களின் ஓரம் மட்டும் கைபட்டு அழுக்காகியிருந்தது, மற்றதெல்லாம் கடையில் வாங்கியபடி வெள்ளை. பயிற்சிக் கணக்குகளில் ஊழியர் சம்பளப் பட்டியல், வங்கி வட்டி, மதிப்பெண் பட்டியல், நட்சத்திரத்தால் பிரமிடு. ஒரு மாணவி நேராகவே கேட்டாள்: "சார், இது காமர்ஸ் பிள்ளைகளுக்கு எழுதின புக்கா?" அவள் கேட்டது நியாயம். காலையில் ஆய்வகத்தில் ஊசலைத் தொங்கவிட்டு நேரம் எடுக்கிற பிள்ளைக்கு, மதியம் சம்பளப் பட்டியல் போட்டுத்தான் கம்ப்யூட்டர் கற்க வேண்டுமா?

அதற்குப் பிறகு எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் முன்னுரையையும் பொருளடக்கத்தையும் விட்டுவிட்டு, நேராக நாலாவது ஐந்தாவது பாடத்தின் கடைசிக்குப் போய்விடுவேன். அங்கே இருக்கிற கணக்குகளில் எத்தனை நம் மாணவருடைய அப்சர்வேஷன் நோட்டிலிருந்து வந்திருக்கக்கூடியவை? அதை எண்ணிப் பார்த்தால் போதும், புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது என்று தெரிந்துவிடும்.

தனி ஊசலையே எடுத்துக்கொள்வோம். நீளம் 80 செ.மீ., 20 அலைவுக்கு எடுத்த நேரம் மூன்று தடவை: 35.8, 36.0, 35.9 வினாடி. சராசரி 35.9, அலைவு நேரம் 1.795, ஈர்ப்பு முடுக்கம் 9.80 என்று வரும். இதையே 50, 60, 70, 90, 100 செ.மீ.க்கும் செய்ய வேண்டும். கால்குலேட்டரில் ஆறு தடவை ஒரே பொத்தான்களை அழுத்திக் களைத்த பிள்ளைக்கு, ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கிற லூப் எதற்கு என்று தனியாக விளக்கத் தேவையில்லை. மூன்று அளவீட்டை ஒன்றாக வைக்க லிஸ்ட், சூத்திரத்தை ஒரே இடத்தில் எழுத ஃபங்ஷன், அளவீடுகளைச் சேமிக்க ஃபைல், அலைவு நேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரைய ஒரு வரைபடம். முதல் செமஸ்டரில் கற்க வேண்டியதெல்லாம் அந்த ஒரு நோட்டுப் பக்கத்துக்குள் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு தடவை ஒரு மாணவன் 35.9-ஐ மாற்றி 53.9 என்று தட்டிவிட்டான். விடை 7.20 என்று வந்தது. கம்ப்யூட்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவனும் அதை அப்படியே ரெக்கார்டில் எழுதிக்கொண்டு வந்தான். அன்றைக்கு 'இஃப்' என்ற கட்டளையை நடத்தினேன்: மூன்று அளவீட்டில் ஒன்று மற்ற இரண்டிலிருந்து ஒரு வினாடிக்கு மேல் விலகினால் நிறுத்தி எச்சரிக்க வேண்டும். அந்த வகுப்பை அவர்கள் மறக்கவில்லை. இரண்டு எண்ணில் எது பெரியது என்ற வழக்கமான உதாரணத்தைச் சொன்னபோது அப்படி யாரும் நிமிர்ந்து உட்காரவில்லை.

புத்தகத்தில் இப்படிப்பட்ட கணக்குகள் இல்லையென்றால் நீங்களே சேர்த்துக்கொள்ளலாம், அது பெரிய வேலை இல்லை. வேதியியல் பிள்ளைகளுக்கு டைட்ரேஷன் அளவீடுகளில் ஒத்துப்போகிறவற்றைப் பொறுக்கி எடுப்பது. உயிரியல் பிள்ளைகள் வந்தால் டி.என்.ஏ. வரிசையில் ஜி, சி என்ற எழுத்துகள் இரண்டும் எத்தனை சதவீதம் என்று எண்ணுவது. எல்லோருக்கும் பொதுவாக நான் கொடுப்பது வைகை அணை. நீர்மட்டம் தினமும் பேப்பரில் வருகிறது, முழு அளவு 71 அடி. ஒரு மாதத்துக்குத் தேதியும் மட்டமும் தட்டெழுதிக்கொண்டு வரச் சொல்வேன். எந்த இரண்டு நாளுக்கு நடுவில் அதிகம் ஏறியது, தொடர்ந்து எத்தனை நாள் இறங்கியது, 71-க்கு இன்னும் எவ்வளவு பாக்கி. சோழவந்தான், வாடிப்பட்டிப் பக்கத்துப் பிள்ளைகள் வரைபடத்தைப் பார்த்ததும் தண்ணீர் திறந்துவிட்ட நாளைக் கை வைத்துக் காட்டுவார்கள்.

அடுத்து நான் பார்ப்பது, தசம எண்களைப் புத்தகம் எப்படிக் கையாள்கிறது என்பது. பைத்தானில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 என்று வரும். பத்தில் ஒன்றை இரும எண்ணில் முடிவில்லாமல்தான் எழுத முடியும், நமக்கு மூன்றில் ஒன்று 0.333 என்று நீள்கிற மாதிரி. கம்ப்யூட்டர் ஓர் இடத்தில் வெட்டிவிடுகிறது. கணக்கு வழக்கு எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அறிவியல் மாணவருக்கு இது அடிப்படை, ஏனென்றால் அவர் கையாள்வதெல்லாம் அளவீடு. 1991 பிப்ரவரி 25 அன்று சவுதி அரேபியாவின் தஹ்ரானில் அமெரிக்கப் படையின் பேட்ரியாட் தடுப்பு ஏவுகணை அமைப்பு, வந்துகொண்டிருந்த ஸ்கட் ஏவுகணையைத் தவறவிட்டது. 28 படைவீரர்கள் இறந்தார்கள். காரணம் இதே 0.1-தான். அமைப்பின் கடிகாரம் நேரத்தைப் பத்தில் ஒரு வினாடியாக எண்ணியது. வினாடியாக மாற்றப் பெருக்கிய 0.1-ஐ 24 பிட்டுக்குள், அதாவது 24 இரும இலக்கத்துக்குள், வெட்டி வைத்திருந்தார்கள். சுமார் 100 மணி நேரம் தொடர்ந்து ஓடியதில் பிழை சேர்ந்து சேர்ந்து 0.34 வினாடி ஆகிவிட்டது. அந்த நேரத்தில் ஸ்கட் அரை கிலோமீட்டருக்கு மேல் பறந்துவிடும். இதைச் சொல்லிவிட்டு, இரண்டு தசம எண்கள் சமமா என்று நேரடியாகக் கேட்காதீர்கள், வித்தியாசம் மிகச் சிறியதா என்று கேளுங்கள் என்று சொன்னால் ஆயுசுக்கும் நிற்கும். இந்த விஷயத்தை எங்கேயும் தொடாத அறிமுகப் புத்தகத்தை அறிவியல் மாணவருக்குக் கொடுக்காதீர்கள்.

புத்தகத்தின் வயதையும் பார்க்க வேண்டும். அட்டையில் புதிய பதிப்பு என்று போட்டிருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். சி புத்தகமென்றால் முழு எண்ணை வைக்கிற 'இன்ட்' என்ற வகை நினைவகத்தில் எத்தனை பைட் என்று எழுதியிருக்கிறது பாருங்கள். 2 பைட், அதிகபட்சம் 32767 என்றே எல்லா இடத்திலும் இருந்தால், அது நீலத்திரை டர்போ சி காலத்துப் பாடம். அந்தக் கணக்கில் 8-இன் காரணியப் பெருக்கம் (1 முதல் 8 வரை எல்லாவற்றையும் பெருக்கியது) 40320 என்று வராது, மைனஸ் 25216 என்று வரும். சி புரோகிராமை ஓட்டத் தயார் செய்கிற இன்றைய கம்பைலர்களில் 'இன்ட்' 4 பைட், 2147483647 வரை போகும். அதிலும் 13-இன் காரணியப் பெருக்கம் தப்பாகத்தான் வரும்: 6227020800-க்குப் பதில் 1932053504. மைனஸ் குறி வந்தாலாவது சந்தேகம் வரும். இது பார்வைக்குச் சரியான விடை போலவே இருக்கும். பைத்தானில் முழு எண்ணுக்கு இந்தத் தொல்லை இல்லை, முதலாண்டுக்கு நான் பைத்தானைச் சொல்ல அதுவும் ஒரு காரணம். பைத்தான் புத்தகமென்றால் 'பிரிண்ட்' என்ற சொல்லுக்குப் பின்னால் அடைப்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது பைத்தான் 2. அதன் பராமரிப்பு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. பழைய புத்தகக் கடைகளில் இன்னும் நிறையக் கிடைக்கிறது. மாணவர்கள் பாதி விலைக்கு வாங்கி வந்து முதல் புரோகிராமே ஓடாமல் விழிப்பார்கள். முதல் வகுப்பிலேயே எச்சரித்துவிடுங்கள்.

கடைசிச் சோதனைக்குப் புத்தகம் மட்டும் போதாது, மாணவரும் வேண்டும். ஃபங்ஷன் பற்றிய பாடத்தில் ஒரு பக்கத்தை நகல் எடுத்து மூன்று பேரிடம் கொடுங்கள். அதில் ஒருவராவது தமிழ்வழியில் பயாலஜி குரூப் படித்தவராக இருக்கட்டும். சத்தமாக வாசிக்கச் சொல்லி, விரல் எந்தச் சொல்லில் நிற்கிறது என்று பாருங்கள். உசிலம்பட்டியிலிருந்து வந்த ஒரு மாணவி 'ஆர்கியுமென்ட்' என்ற சொல்லில் நின்றுவிட்டாள். புரோகிராமில் அது ஃபங்ஷனுக்கு நாம் கொடுக்கிற மதிப்பு, அவளுக்குத் தெரிந்த அர்த்தம் வாக்குவாதம். ஃபங்ஷனுக்கும் வாக்குவாதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்துக்கொண்டே அந்தப் பக்கத்தை முடித்திருக்கிறாள், ஒன்றும் ஏறவில்லை. பாடத்தின் முடிவில் சொல்விளக்கம் தருகிற புத்தகம் நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்று அன்றைக்குத்தான் உணர்ந்தேன். அதே மாதிரி, 'எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் 1' என்ற வரி. கணக்கில் அது தப்பு, புரோகிராமில் எக்ஸில் இருப்பதோடு 1 கூட்டி எக்ஸிலேயே வை என்று அர்த்தம். கணக்கு நன்றாக வருகிற பிள்ளைதான் அதில் அதிகம் முட்டிக்கொள்ளும். அதைப் புத்தகம் நின்று விளக்குகிறதா, அப்படியே தாண்டிப் போகிறதா என்று பாருங்கள்.

இனி அந்த மூன்று புத்தகங்கள்.

'திங்க் பைத்தான்' இணையத்தில் இலவசம், வணிக நோக்கம் இல்லாமல் அச்சிட்டுக் கொடுக்கவும் உரிமம் அனுமதிக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் பொறியியல் முதலாண்டுப் பைத்தான் தாளுக்கு இதைப் பாடநூலாக வைத்ததால் சீனியர்களிடமும் நூலகங்களிலும் எளிதாகக் கிடைக்கும். வாக்கியங்கள் சின்னவை. ஒவ்வொரு பாடமும் பிழை கண்டுபிடிப்பது எப்படி என்ற பகுதியோடும் சொல்விளக்கத்தோடும் முடிகிறது, தனியாக உட்கார்ந்து படிக்கிற பிள்ளைக்கு அதுதான் துணை. வர்க்கமூலத்தைத் தோராயமாக நெருங்கிக் கண்டுபிடிக்கும் இடத்தில், தசம எண்களைச் சமமா என்று ஒப்பிடக் கூடாது என்றும் சொல்கிறது. 2024-ல் மூன்றாம் பதிப்பு வந்தது, அது திரையில் ஓட்டிப் பார்த்துப் படிக்கிற நோட்புக் வடிவம். அச்சிட வேண்டுமென்றால் இரண்டாம் பதிப்பே போதும், சுமார் 250 பக்கம்.

குறையும் இருக்கிறது. அது அறிவியல் மாணவரை நினைத்து எழுதப்பட்ட புத்தகம் இல்லை. இரண்டாம் பதிப்பின் 9-வது பாடம் முழுக்க ஆங்கிலச் சொல் விளையாட்டு. எந்தச் சொல்லில் எந்த எழுத்து வரவில்லை என்று தேடுவது தமிழ்வழிப் பிள்ளைக்கு இரட்டைச் சுமை. அதை விட்டுவிட்டு டி.என்.ஏ. கணக்கை வையுங்கள். 13-ஐயும் விடலாம். கிளாஸ், ஆப்ஜெக்ட் பற்றிய 15 முதல் 18 வரையிலான பாடங்கள் ஒரு செமஸ்டருக்குத் தேவையில்லை. 1 முதல் 8, பிறகு 10, 11, 12, 14. இவ்வளவையும் ஒழுங்காக முடித்தாலே நிறைவான செமஸ்டர்.

இதில் வரைபடம் வரைவது கிடையாது. அந்த இடத்தைத்தான் நம் +2 புத்தகம் நிரப்புகிறது. 2019-ல் வந்த பதிப்பில் மொத்தம் 16 பாடங்கள். முதலிலிருந்து தொடங்காதீர்கள். முதல் நாலு பாடங்களும் கருத்தியல், புதிதாக வருகிறவரை மிரட்டிவிடும். 5-லிருந்து 9 வரை மாறி, கட்டுப்பாட்டுக் கட்டமைப்பு, செயற்கூறு, சரம், பட்டியல் என்று வரிசையாகப் போகும். பிறகு 13-ல் மதிப்புகளைக் காற்புள்ளியால் பிரித்து வைக்கிற சி.எஸ்.வி. கோப்பு, 16-ல் பைபிளாட் என்ற பைத்தான் கருவியை வைத்து வரைபடம். வைகை அணைக் கணக்குக்கு இந்த இரண்டும்தான் வேண்டும். தமிழில் படித்த பிறகு அதே விஷயத்தை டௌனியில் ஆங்கிலத்தில் படித்தால் 'ஆர்கியுமென்ட்' இடறாது. செயற்கூறு என்றால் ஃபங்ஷன், மடக்கு என்றால் லூப் என்று வகுப்பில் இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்லுங்கள். ஆங்கிலவழிப் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள். ஒரு வாரத்தில் பழகிவிடும்.

கட்டாக் புத்தகம் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் நடத்திய பாடத்திலிருந்து வந்தது. முதல் பதிப்பு 2013, மூன்றாவது 2021. உள்ளடக்கத்தில் அறிவியல் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான அறிமுகப் புத்தகத்தை நான் பார்த்ததில்லை. மூன்றாவது பாடத்துக்குள்ளேயே விடையைப் படிப்படியாக நெருங்குகிற இருபாதி முறை, நியூட்டன் ராப்சன் முறை வந்துவிடும். பின்னால் ஒவ்வொரு அடியும் தற்செயலாகத் திரும்பும் சீரற்ற நடை, தற்செயல் எண்களை வைத்துக் கணக்கிடும் மான்டே கார்லோ முறையில் π-யின் மதிப்பு, சுருள்வில்லில் எடை தொங்கவிட்டு எடுத்த அளவீட்டுக்கு நேர்கோடு பொருத்துவது என்று போகிறது. அந்தச் சுருள்வில் பாடத்தை மட்டுமாவது நீங்கள் வாசியுங்கள், உங்கள் ஆய்வகமே கண்முன் வரும். ஆனால் நடை அடர்த்தி, நடுநடுவே பேஸ்பால் உதாரணங்கள். முதலாண்டுப் பிள்ளை தனியாகப் படிக்க முடியாது. அதனால்தான் உங்கள் மேசைக்கு என்றேன். கணக்குகளை அதிலிருந்து எடுத்து நம் ஊர்ப் பொருளில் மாற்றிக் கொடுங்கள்.

இயற்பியல் துறை என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையேயான முடுக்கி மையம், எக்ஸ்பைஸ் என்ற சின்னக் கருவியை உருவாக்கியது. யு.எஸ்.பி.யில் செருகி, பைத்தானிலேயே மின்னழுத்தம், நேரம் எல்லாம் அளக்கலாம். ஊசலின் அலைவு நேரத்தைக்கூட அதில் எடுக்கலாம். அந்த மையத்தின் அஜித் குமார் 2010-ல் எழுதிய 'பைத்தான் ஃபார் எஜுகேஷன்' என்ற இலவசப் புத்தகம் நம் நாட்டு அறிவியல் மாணவரை நினைத்தே எழுதியது. 2010 பதிப்பு பைத்தான் 2 என்பதால் மாணவர் கையில் நேராகக் கொடுக்க வேண்டாம். நீங்கள் படித்து அடைப்புக்குறி சேர்த்துப் பயன்படுத்துங்கள். இரண்டாம் மூன்றாம் ஆண்டுக்கு மார்க் நியூமனின் 'கம்ப்யூட்டேஷனல் ஃபிசிக்ஸ்' அருமையானது, அதன் தொடக்கப் பாடங்கள் சிலவற்றை ஆசிரியரே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்.

சி மொழி வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாமாண்டில் 8085 என்ற நுண்செயலியின் ஆய்வகத்துக்குப் போகும்போது, நினைவகம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள சி நல்ல வழி. முதல் மொழியாக வைத்தால் அரைப்புள்ளி எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பாதி ஆய்வக நேரம் போய்விடும். அறிவியலுக்கு நேரம் மிஞ்சாது.

பழைய கம்ப்யூட்டர் பற்றிக் கவலை வேண்டாம். எஸ்தோனியாவின் டார்டு பல்கலைக்கழகத்தில் ஆரம்ப மாணவர்களுக்காக உருவான தானி என்ற இலவச மென்பொருள் குறைந்த நினைவகத்திலும் ஓடும். புரோகிராம் ஒவ்வொரு வரியாக நகரும்போது மாறிகளின் மதிப்பு பக்கத்தில் மாறுவதைக் காட்டும். 'எக்ஸ் சமம் எக்ஸ் கூட்டல் 1' குழப்பத்துக்கு அதைவிட நல்ல மருந்து இல்லை. வீட்டில் லேப்டாப் இல்லாதவர்கள் போனில், இணையத்திலேயே பைத்தான் ஓட்டுகிற கூகுள் கோலாபைத் திறந்து எழுதலாம். கைக்கு அடக்கமாக இருக்காது, ஆனாலும் வேலை நடக்கும். ஐ.ஐ.டி. பாம்பேயின் ஸ்போக்கன் டுடோரியல் என்ற காணொளித் தொகுப்பில் தமிழ்க் குரலில் பாடங்கள் இருக்கின்றன. உங்களுக்கே ஒரு தடவை முழுசாகப் படித்துக்கொள்ள வேண்டுமென்றால் சென்னை கணிதவியல் கழகத்தின் மாதவன் முகுந்த் என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத் தளத்தில் நடத்தும் பைத்தான் பாடத்தைப் பாருங்கள்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மாணவர்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நத்தம் சாலை கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். கணினிப் புத்தக அலமாரியில் நாலைந்தை எடுத்து மேசையில் போட்டு, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பாருங்கள். என் தேர்வு உங்கள் பிள்ளைகளுக்குச் சரிப்படவில்லை என்று தோன்றினால் அவர்கள் விரலை நம்புங்கள்.

டௌனியை அச்சிடுவதென்றால் ஜெராக்ஸ் கடையில் இரண்டு பக்கமும் அடிக்கச் சொல்லாதீர்கள். ஒரு பக்கம் மட்டும் அடித்து, எதிர்ப்பக்கத்தை வெள்ளையாக விட்டு, ஸ்பைரல் போடச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும். அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் பிள்ளைகள் தமிழில் அர்த்தம் எழுதிக்கொள்வார்கள், கணக்கும் போட்டுப் பார்ப்பார்கள்.